இருப்பு பூஜ்யம்

கருங்கல்பொத்தைப் பல்கலைக்கழகத்துக்கு மழை வருவதற்கு முன்னால் வடை வந்துவிட்டது. எந்தக் கூட்டமானாலும் அங்கே முதலில் வருவது அதுதான். பேரிடர் மேலாண்மைக் குழுவின் அவசரக் கூட்டம் என்று சனிக்கிழமை காலையில் எல்லாருடைய போனுக்கும் செய்தி போயிருந்தது. பதினான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கோப்புகளில் சட்னி சிந்தாமல் தின்பதில் கவனமாக இருந்தார்கள். ஞாயிறும் திங்களும் தென்மாவட்டங்களில் மிகமிகக் கனமழை, சிவப்பு எச்சரிக்கை என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. மறுநாள் மார்கழி பிறக்கிறது. வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகம் இருக்கிற இடத்தைச் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து பேட்டையைத் தாண்டி சேரன்மகாதேவி ரோட்டில் போனால் ஒரு பொத்தை வரும். மலை என்று சொன்னால் மலைகள் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு பாறைமேடு. அதன் தலையிலும் தோளிலும்தான் கட்டடங்கள் எல்லாம். அங்கே எத்தனை மழை பெய்தாலும் கால் மணி நேரத்தில் வடிந்து கீழே ஓடிவிடும். கீழே யார் வீட்டுக்குள் போகிறது என்பது பொத்தையின் கவலை இல்லை.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அறுநூறு மணல் மூட்டை வாங்குவது என்று முதல் தீர்மானம் நிறைவேறியது.

"வெள்ளம் வருமுன் அணை போடணும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் பதிவாளர் ஞானசிகாமணி. பொறியாளர் வன்னியராஜ் வாயில் வடையோடு ஏதோ சொல்ல வந்தார். "என்னவே, மூட்டை எங்க அடுக்கன்னுதான கேக்கீரு? கேட்டுல அடுக்கும். போட்டோ எடுத்துக் குரூப்புல போடும்" என்று பதிவாளர் அவரை அடக்கிவிட்டார்.

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளைக் கழித்தார்கள். ஜெனரேட்டருக்கு நானூறு லிட்டர் டீசல் வந்தது. மாடித் தொட்டிகளை நிரப்பினார்கள். பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டியிருந்த வரவேற்பு பேனர்களை அவிழ்த்தார்கள். விடுதி மெஸ்ஸுக்கு ஐந்து நாளைக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், நாலு மூட்டை பல்லாரி வெங்காயம் எல்லாம் இறங்கின. எதைச் செய்தாலும் இடமும் நேரமும் பதிந்த போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும் என்பது விதி. சாயங்காலத்துக்குள் இருநூற்று நாற்பது போட்டோ வந்துவிட்டது. அதில் ஒன்றில் பதிவாளரே மணல் மூட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

ஐந்து நாளைக்குச் சாமான் இறக்கிய அதே கூட்டத்தில்தான் கடைசித் தீர்மானமும் வந்தது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குள் எல்லா விடுதிகளையும் காலி செய்ய வேண்டும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் விடுதியின் வார்டன் சாலோமி மட்டும் மெதுவாக ஆரம்பித்தாள்.

"சார், இது மேடு. இங்க தண்ணி வராது. பிள்ளைங்கள்ல பாதிப் பேர் ஆத்தங்கரை ஊர்க்காரங்க. மழையில பஸ் ஏத்தி விடறதுக்கு இங்கயே வச்சிருந்தா..."

"மேடம்," என்றார் ஞானசிகாமணி, ஜெபத்தை முடித்து வைக்கிற குரலில். "நம்ம வளாகத்துல ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் பட்டாலும் நம்ம பொறுப்பு. அவங்கவங்க வீட்டுல இருந்தா அவங்கவங்க பொறுப்பு. டார்லின் விஷயம் அதுக்குள்ள மறந்துட்டா?"

சாலோமி தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டாள்.

டார்லின் என்ற பிள்ளை இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழை விடுமுறையில் ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே இருந்தவள். பாசி பிடித்த மாடிப்படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டாள். அவள் அப்பா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து கேட்டில் நின்று சத்தம் போட்டார். யார் அனுமதித்தது, ஏன் அனுமதித்தது என்று சாலோமி பதினோரு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தாள். கை ஆறு வாரத்தில் கூடிவிட்டது. சாலோமிக்கு வர வேண்டிய பதவி உயர்வு இன்றுவரை வரவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய பூனையும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை பிடித்துவிட்டது. காலை ஆராதனைக்குக்கூடப் போகாமல் சாலோமி விடுதி வராந்தாவில் நோட்டும் போனுமாக உட்கார்ந்தாள். விடுதியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒவ்வொருத்தியையும் வெளியே விடுவதற்கு முன்னால் அவள் அப்பாவின் குரலைப் போனில் கேட்க வேண்டும். அது அந்த விடுதியின் பழைய சட்டம். எந்தக் காலத்திலோ எவளோ காதலித்து ஓடிப்போனதற்காகப் போட்டது. அப்பா இல்லாவிட்டால் பெரியப்பா, மாமா, அண்ணன். பத்தாவது படிக்கிற தம்பியின் குரல்கூட ஒரு தடவை செல்லுபடியாகியிருக்கிறது. அம்மா குரல் மட்டும் செல்லாது. நோட்டில் அதற்குக் கட்டமே கிடையாது. எட்டு வருஷமாக அந்த நோட்டில் எழுதுகிற சாலோமிக்கு அது ஒரு நாளும் உறுத்தியதில்லை.

இரண்டாவது சட்டம், ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கும் இடத்தில் வீட்டு ஆள் வந்து நிற்க வேண்டும். பிள்ளை வந்து சேர்ந்ததும் அந்த ஆளே வார்டனுக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும்.

பதினொன்றரை மணிக்குள் முந்நூற்றுப் பதினொரு பேர் போய்விட்டார்கள். பல்கலைக்கழக பஸ் மாற்றி மாற்றிப் பிள்ளைகளைப் புது பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது. மிச்சம் இருந்தவள் ஸமீஹா. எம்.எஸ்ஸி. முதல் வருஷம், சாலோமியின் சொந்த மாணவி. ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, திருச்செந்தூர் ரோட்டிலிருந்து வாழைத் தோப்புகளுக்குள்ளே ஒரு மைல் போனால் கொழுமடை என்று ஓர் ஊர். அதுதான் அவள் ஊர். வாப்பா ரசீத் சவூதியில், தம்மாமில் குளிர்சாதன வேலை பார்க்கிறார். வீட்டில் உம்மா ஆபிதா பீவி மட்டும்தான்.

ஸமீஹா பையைக்கூட எடுத்து வைக்காமல் வந்து நின்றாள்.

"மேடம், உம்மா லைன்ல இருக்கா. உங்ககிட்ட பேசணுமாம்."

சாலோமி போனை வாங்கினாள். அந்தப் பக்கம் ஓட்டில் மழை விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

"டீச்சரம்மா, பிள்ளய அங்கனயே வச்சுக்கிடுங்க. இங்கன ராத்திரியில இருந்து கொட்டுது. மடைக்கு மேல தண்ணி வந்துட்டுன்னு சொல்லுதாவ. எங்க வீடு பள்ளத்துல கெடக்கு. நான் ஒருத்தின்னா பக்கத்து வீட்டுக்காரங்க கூடவே பள்ளிவாசல் மாடிக்கு ஏறிருவேன். அவ அங்க இருந்தா எனக்கு நிம்மதி."

"உத்தரவும்மா. ஒருத்தரும் இருக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"உங்க வீட்டுல ஒரு மூலையில படுத்துக்கிட மாட்டாளா? ரெண்டே ரெண்டு நாளு."

சாலோமியின் குவார்ட்டர்ஸ் விடுதிக்குப் பின்னால்தான். இரண்டு அறை. ஓர் அறையில் அவள் தூங்குவாள், இன்னொன்றில் புத்தகம் தூங்கும். இடத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் நின்ற ஸமீஹா, "நான் சமையல்கட்டுல இருந்துக்கிடுவேன் மேடம். சத்தமே காட்ட மாட்டேன்" என்றாள். வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சாலோமிக்குத் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. பின்னால் எத்தனையோ தடவை அவள் அந்த நிமிஷத்தை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஆனால் தோன்றியதைச் செய்யாமல் பதிவாளருக்குப் போன் பண்ணினாள். அனுமதி கேட்டுக் கேட்டே பழகிய கை.

"ஒண்ணுதான, என்ன இப்பம்னு கேக்கீங்களா மேடம்?" என்றார் ஞானசிகாமணி. "ஆறு விடுதி. அஞ்சுலயும் இருப்பு பூஜ்யம்னு வரும். உங்களுதுல மட்டும் ஒண்ணுன்னு வந்தா, துணைவேந்தர் என்னையத்தான் கூப்பிடுவாரு. அந்த ஒண்ணுக்கு ஒரு காய்ச்சல் வந்தா யாரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது? இரண்டு மணிக்கு ரிப்போர்ட் என் மேசையில இருக்கணும். பூஜ்யம். அவ்வளவுதான்."

சாலோமி நோட்டைத் திறந்தாள். ஆபிதா பீவி சொன்னதை எழுதக் கட்டம் இல்லை. தம்மாமுக்குப் போன் போட்டாள்.

ரசீத் எடுத்ததும் "வணக்கம் மேடம்" என்றார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார்.

"ஆபிதா வேண்டாம்ங்கா மேடம். காலையில எனக்கும் பேசினா. அவ எப்பவுமே பயந்தவ. நீங்க என்ன சொல்லுதீங்க?"

நீங்க என்ன சொல்லுதீங்க என்று ஒருவர் கேட்டால் மனசில் இருப்பதைச் சொல்லலாம். சாலோமி மேசையில் இருப்பதைச் சொன்னாள். "பெரிய மழை சாயங்காலத்துக்கு மேலதான்னு சொல்றாங்க. அதுக்குள்ள போய்ச் சேந்துருவா. எதுனாலும் வீட்டோட இருக்கிறதுதான் நல்லது. அவங்கம்மாவ மட்டும் மெயின் ரோட்டுல கால்வாய்ப் பாலத்து ஸ்டாப்புக்கு வந்து நிக்கச் சொல்லிருங்க."

"நீங்க சொன்னா சரி மேடம். படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா? அனுப்பி வைங்க."

நோட்டில் பதினொன்று ஐம்பத்திரண்டு என்று நேரம் போட்டு, தந்தை சம்மதம் என்று எழுதினாள்.

மெஸ்ஸில் கடைசியாக இருந்த எலுமிச்சம்பழச் சாதத்தை டப்பாவில் போட்டு ஸமீஹாவின் கையில் கொடுத்தாள். ஸமீஹா அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. "வாரேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள். முப்பது பேர் உட்காருகிற பஸ்ஸில் அவள் ஒருத்தியாகப் போனாள். ஒன்றேகால் மணிக்குத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். சாலோமி நூற்று நான்கு அறைகளின் பூட்டுகளையும் போட்டோ எடுத்தாள். ஒன்று நாற்பதுக்கு ரிப்போர்ட்டை அனுப்பினாள். பெண்கள் விடுதி, இருப்பு பூஜ்யம். ஆறு விடுதிகளில் முதலாவதாக வந்தது அதுதான் என்று பதிவாளர் குழுவில் கட்டைவிரல் போட்டார். அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் மறைப்பானேன்.

மூன்று மணிக்கு மழை வேறு மழையாகிவிட்டது. எதிரில் இருந்த நூலகம் தெரியவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தவர்களின் வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் போன் வந்தது. நாங்குநேரிப் பிள்ளை சேர்ந்துவிட்டாள், அம்பாசமுத்திரத்துப் பிள்ளை சேர்ந்துவிட்டாள். கொழுமடையிலிருந்து மட்டும் வரவில்லை. ஸமீஹாவின் போன் அடிக்கவே இல்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆபிதா பீவி கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா, நான் கால்வாய்ப் பாலத்து ஸ்டாப்புல நிக்கேன். மூணு மணியில இருந்து நிக்கேன். ஒரு பஸ்ஸும் வரல. பிள்ளைக்கு போன் போக மாட்டேங்கு. தண்ணி ரோட்டத் தொட்டுட்டு. ஊர்ல எல்லாரும் பள்ளிவாசல் மாடிக்குப் போயிட்டாவ. நானும் திரும்பிரட்டா? இல்ல இங்கன இருந்து கொஞ்சம் முன்னால நடந்து போயிப் பாக்கட்டா?"

சாலோமிக்கு ஒன்றுதான் கண்ணில் நின்றது. இருட்டுகிற நேரத்தில், கொட்டுகிற மழையில், அந்தப் பிள்ளை பஸ்ஸைவிட்டுத் தனியாக இறங்கி, யாரையும் காணாமல் நிற்கிறாள்.

"பஸ் ஒண்ணேகாலுக்கே கிளம்பிட்டும்மா. எங்கயாவது மெதுவா வந்துட்டிருக்கும். நீங்க அங்கயே நில்லுங்க. நீங்க திரும்பிப் போய், அவ தனியா இறங்கினா என்ன ஆகும்? அந்த இடத்த விட்டு அசையாதீங்க."

"சரி டீச்சரம்மா" என்றாள் ஆபிதா பீவி. வகுப்பில் பேர் வாசிக்கும்போது சொல்வதுபோலச் சட்டென்று சொன்னாள். அத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ரசீத் கூப்பிட்டார். "வணக்கம் மேடம். ஸமீஹா வந்து சேந்துட்டாளான்னு தெரியல. வீட்டு நம்பர் போகல. ஊர்ல யாரு நம்பரும் போகல. உங்க நம்பர் ஒண்ணுதான் அடிக்கி."

அடிக்காமல் என்ன? போன் கோபுரம் பொத்தையின் உச்சியில்தான் இருந்தது. நானூறு லிட்டர் டீசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வளாகம் முழுக்க விளக்கு எரிந்தது. மெஸ்ஸில் முந்நூறு பேருக்கான சாமான் அடுக்கினது அடுக்கினபடியே இருந்தது. கேட்டில் மணல் மூட்டைகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அன்றைக்கு ஆள் தங்குவதற்கு அதைவிடத் தோதான இடம் ஒன்று இருந்திருக்காது. அங்கே சாலோமியும், வாட்ச்மேன் கருத்தையாவும், கழித்துப் போட்ட கிளைகளும் இருந்தன.

கீழே எல்லாம் போய்விட்டது. போனைத் திறந்தால் வெள்ளம்தான். ஜங்ஷனில் இடுப்பளவுத் தண்ணீர், வண்ணாரப்பேட்டையில் மாடிக்கு மாடி கயிறு கட்டி இழுக்கிறார்கள், ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்ன ஆனதென்றே தெரியவில்லை, ஆறும் குளமும் ஒன்றாகிவிட்டன. சாலோமி உதவி எண்களுக்கெல்லாம் கூப்பிட்டாள். சில அடிக்கவில்லை. அடித்ததில் ஒன்றை எடுத்த ஆள் பெயர், ஊர், வயது எல்லாம் எழுதிக்கொண்டு, "மேடம், இப்படி ஆயிரம் பேர் இருக்கு" என்றார். அவரும் ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். அவரைக் கோபித்து என்ன பிரயோசனம்.

பதிவாளருக்குப் போட்டாள். அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"மேடம், நம்ம எடுத்த முடிவு எவ்வளவு சரின்னு பாத்தீங்களா? இந்த வெள்ளத்துல முந்நூறு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு என்ன பண்ணியிருப்போம்? துணைவேந்தரே பாராட்டுனாரு."

"சார், ஸமீஹா வீடு போய்ச் சேரல. நம்ம பஸ் ஒண்ணு அனுப்பித் தேட முடியுமா?"

அந்தப் பக்கம் சத்தம் கொஞ்சம் குறைந்தது. "பஸ் எங்க மேடம் போகும்? ஆத்தத் தாண்டணும்லா?" பிறகு கேட்டார்: "அவ அப்பா சம்மதம் நோட்டுல இருக்குல்லா?"

"இருக்கு சார்."

"அப்பம் சரி. நோட்டப் பத்திரமா வச்சுக்கிடுங்க."

ரசீத் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் வணக்கம் மேடம் என்றுதான் ஆரம்பித்தார். தொந்தரவு தருவதற்கு மன்னிப்புக் கேட்டார். ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. ஏன் அனுப்பினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சாலோமி அழுது தீர்த்திருப்பாள். அந்த மனுஷர் கேட்கவே இல்லை.

முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாள். ஆண்டவரே, அந்தப் பிள்ளையைக் காப்பாற்றும், அவளை மட்டும் காப்பாற்றும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று சொன்னாள். அன்று முழுவதும் அதையேதான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டிருந்தது. இருப்புக் கொள்ளாமல் கருத்தையாவின் டி.வி.எஸ். பின்னால் உட்கார்ந்து ஆற்றுப் பாலம்வரை போனாள். அங்கே கயிறு கட்டி போலீஸ் நின்றது. பாலத்தின் மேல்தளத்துக்கு ஒரு முழம் கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. ஆறா அது. மரம், கூரை, கேஸ் சிலிண்டர், கட்டியிருந்த கயிற்றோடு ஒரு பசுமாடு என்று என்னென்னவோ போயின. எல்லாம் ஸ்ரீவைகுண்டம் பக்கம்தான் போயின.

"நான் ஒரு பிள்ளையத் தேடிப் போகணும் சார்" என்றாள் போலீஸ்காரரிடம்.

"அங்கன பாருங்க" என்று அவர் கையைக் காட்டினார். கயிற்றோரமாக நூறு பேர் நின்றார்கள். எல்லாரும் யாரையாவது தேடிப் போகிறவர்கள்தான்.

கருத்தையா வண்டியைத் திருப்பினான். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன மேடம். வாங்க, போவோம். இங்கன நின்னு ஒண்ணும் ஆகாது" என்றான். அவன் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருப்பது ஸ்ரீவைகுண்டத்தில்தான் என்று திரும்பி வருகிற வழியில்தான் சொன்னான். இரண்டு நாளாக அவனிடம் அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் ரசீத்தின் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் தெம்பு இருந்தது.

"மேடம், ஊர்ல இருந்து எங்க மச்சான் சிராஜுதீன் பேசினாரு. தோப்பெல்லாம் நீந்தி மேட்டுக்கு வந்து, அங்க யாருட்டயோ போன் வாங்கிப் பேசினாரு. ஊர்க்காரங்க எல்லாரும் பள்ளிவாசல் மாடியில பத்திரமா இருக்காவளாம். ஒரு சேதமும் இல்லையாம். ஆபிதா மட்டும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிள்ளயக் கூப்பிடப் போனவ திரும்பலையாம். அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான இருக்கணும் மேடம்? பஸ்ல வந்து இறங்கினவளக் கூட்டிட்டு, ஊருக்குள்ள வர முடியாம, வேற எங்கயாவது ஏறியிருப்பா. ஆபிதா கூட இருந்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. அவ விட மாட்டா. என்ன சொல்லுதீங்க மேடம்?"

"ஆமா" என்றாள் சாலோமி. "ஒண்ணாத்தான் இருப்பாங்க."

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்த அந்தப் போனைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்கே தெரியும். பயம்தான். அவர் சொன்ன கணக்கை அவளும் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்திருக்கும், ஆபிதா பீவி நின்ற இடத்திலேயே பிள்ளையைப் பார்த்திருப்பாள், கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் எங்காவது ஒரு மாடியில் ஏறியிருப்பார்கள். அப்படியானால் அங்கேயே நிற்கச் சொன்னது நல்லதாகக்கூடப் போயிருக்கும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்ததும், "மேடம், நான் ஸமீஹா" என்றது குரல்.

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதைத் தவிர சாலோமியின் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. வராந்தாவின் கோடியில் நின்ற கருத்தையாவுக்குக் கையை ஆட்டினாள். அவன் ஓடி வந்தான்.

"நான் நல்லா இருக்கேன் மேடம். கருங்குளம் தாண்டினதுமே ரோட்டுல தண்ணி போயிட்டு. பஸ்ஸ அங்கயே நிப்பாட்டிட்டாங்க. டிரைவர் அண்ணாச்சி எங்க எல்லாரையும் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில ஏத்திவிட்டாரு. மூணு நாளா அங்கதான் இருந்தோம். போன் நனஞ்சிட்டு. இப்பதான் போட்டுல வந்து கூட்டிட்டுப் போறாங்க. இது அவங்க போனு. எனக்கு உம்மா நம்பரும், ஐ.டி. கார்டுல இருக்கிற உங்க நம்பரும்தான் தெரியும். உம்மா நம்பர் போகல."

கருங்குளம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. கால்வாய்ப் பாலத்துக்கு எந்த பஸ்ஸும் போகவில்லை. திங்கட்கிழமையிலிருந்து சாலோமி கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அந்தப் பிள்ளை பிழைத்திருக்கிறாள், அவள் மட்டும் பிழைத்திருக்கிறாள். தாய்க்காக ஒரு தடவைகூடத் தான் ஜெபம் பண்ணவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மேடம், கேக்குதா? உம்மாகிட்ட எப்படியாவது சொல்லிருங்க. பயந்துக்கிட்டு இருப்பா. ஊர்ல எல்லாரும் பள்ளிவாசல் மாடிக்குப் போயிருப்பாவ, இல்ல?"

"போயிட்டாங்கம்மா. எல்லாரும் நல்லா இருக்காங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒரு நாள் அந்தப் பிள்ளைக்கு நிம்மதி கிடைத்திருக்கும். ஆனால் அப்பாவிடம் மறைத்ததை மகளிடமும் மறைக்க சாலோமியால் முடியவில்லை. "உங்கம்மா மட்டும் அங்க இல்லம்மா. ஞாயித்துக்கிழமை உன்னக் கூப்பிட பாலத்து ஸ்டாப்புக்கு வந்தாங்க."

"ஆமா, வாப்பா சொல்லியிருப்பாவ. ஆனா பஸ் வரலைன்னதும் திரும்பிப் போயிருப்பால்ல மேடம்? தண்ணியப் பாத்ததும் போயிருப்பா. அவ பயந்தவ."

"எனக்கு போன் பண்ணினாங்க. திரும்பிப் போகட்டான்னு கேட்டாங்க." சாலோமி மிச்சத்தையும் சொன்னாள். "நான்தான் அங்கயே நிக்கச் சொன்னேன். அசையாதீங்கன்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் படகின் மோட்டார் சத்தத்துக்கு நடுவே யாரோ ஓர் ஆள் போனைத் திருப்பிக் கேட்டார். ஸமீஹா அவரிடம் ஒரு நிமிஷம் அண்ணாச்சி என்றாள்.

"நீங்களா சொன்னீங்க?" என்றாள். பிறகு கத்தினாள். "அய்யோ மேடம், நீங்க சொன்னா எங்க உம்மா தட்ட மாட்டாளே! அங்கயேதான் நின்னிருப்பா!"